துரைக்கு விரதம்

விழுப்புரம் மல்லாட்டை மண்டியில் என் தராசுக்கு ஒரு பெயர் இருந்தது. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். முகையூர் பக்கத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருகிற குடியானவர்கள், சக்கரபாணி எடை போட்டால் சாமி எடை போட்ட மாதிரி என்று சொல்லிவிட்டு, மூட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் காபி கிளப்புக்குப் போய்விடுவார்கள். முள் நேரே நிற்கும்வரை நான் வாய் திறக்க மாட்டேன். முதலாளியே பக்கத்தில் நின்று கனைத்தாலும் சரி, அரைப் பலம் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். இந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது. எடை போடத் தெரிந்தவனுக்கு, எதை எடை போடக் கூடாது என்று தெரியாமல் போயிற்று.

முப்பத்தெட்டாம் வருஷம் வைகாசியில் எனக்குக் கல்யாணம். பெண் திண்டிவனம், பெயர் ஜெயம். என் மாமனார் விருத்தாசலம் அங்கே ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மாவின் பங்களாவில் தோட்டக்காரர். சீர்வரிசையில் பித்தளை அண்டா வந்தது, குத்துவிளக்கு வந்தது, டிரங்குப் பெட்டி வந்தது, பெட்டியின் மேல் ஒரு கூடையும் வந்தது. கூடைக்குள் ஒரு முயல். பங்களாவில் பிறந்த குட்டி அது. கண் திறந்த நாளிலிருந்து ஜெயம்தான் வளர்த்தாள். தும்பைப்பூ மாதிரி வெள்ளையாக இருந்ததாலும், யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காததாலும் அதற்குத் துரை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பெண்ணைக் கேட்டால் பெருச்சாளியையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்களே என்று என் அம்மா வீரம்மாள் முதல் நாள் முணுமுணுத்தாள். பத்தாம் நாள், துரை சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் அவள் தட்டில் கை வைத்தாள். அம்மா அப்படித்தான். வீட்டு மாட்டுக்கு விலா எலும்பு தெரிந்தால் வீட்டுக்காரிக்குத்தான் கேவலம் என்பது அவள் கட்சி. மாடானாலும் சரி, மகனானாலும் சரி, மருமகளானாலும் சரி, ஏப்பம் கேட்காமல் எழுந்திருக்க விட மாட்டாள். ஆனாலும் அப்போது துரையின் சாப்பாடு ஜெயத்தின் கையில் இருந்தது. அருகம்புல், கல்யாண முருங்கை இலை, முள்ளங்கித் தழை, ஒரு கிண்ணம் தண்ணீர். தின்றுவிட்டுக் கொல்லையை நாலு சுற்றுச் சுற்றும். சந்தோஷம் வந்தால் கயிற்றுக் கட்டிலின் மேலிருந்து ஒரே தாவாகத் தாவி, நடுவானில் உடம்பை ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டு இறங்கும். அதைப் பார்த்து ஜெயம் கை தட்டுவாள். ஜெயம் கை தட்டுவதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆடி வந்தது. புதுப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போக என் மாமியார் குப்பம்மாள் பழத்தட்டோடு வந்து இறங்கினாள். கல்யாணமாகி ஐம்பது நாள்கூட ஆகவில்லை, அதற்குள் ஒரு மாதப் பிரிவு. எனக்கு அழுகையே வந்தது. ஆண்பிள்ளை அதை வெளியே காட்டலாமா? வேடிக்கை பண்ணிச் சமாளிக்கலாம் என்று கைத்தராசை எடுத்து வந்து, துரையை ஒரு தட்டில் உட்கார வைத்து, மறு தட்டில் எடைக்கற்களை அடுக்கினேன். முள் நேரே நின்றது.

"ஒன்றரை வீசை, அத்தை. எடை போட்டு ஒப்படைக்கிறேன். கொறையாம திருப்பி அனுப்புங்க" என்றேன்.

ஜெயம் சிரித்தாள். என் அம்மாவும் சிரித்தாள். குப்பம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. தராசையும் முயலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சரிங்க மாப்ள என்றாள். அந்த ஒரு வார்த்தையில் என்னென்ன இருந்தது என்று எனக்கு ஆவணியில்தான் புரிந்தது.

ஆவணி முதல் வாரம் விருத்தாசலம் மாமா பெண்ணையும் முயலையும் கொண்டுவந்து விட்டார். வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. முயலை எடைபோட்டுச் சம்பந்தியம்மாவுக்குக் காட்டச் சொல்லி வீட்டில் உத்தரவு என்றார். போட்டேன். ஒன்றரை வீசைக்கு மேல் பன்னிரண்டு பலம். வீசைக்கு நாற்பது பலம் என்று தெரிந்தவர்களுக்கு, அந்தச் சின்ன உடம்பில் பன்னிரண்டு பலம் எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. மாமியார் அவித்த மல்லாட்டையும் அவலும் தேங்காய்ச் சில்லுமாகப் போட்டுத் தள்ளியிருக்கிறாள்.

என் அம்மா முகம் சுருங்கிவிட்டது. ஒரு மாதத்தில் பன்னிரண்டு பலம் ஏறியிருக்கிறது என்றால், நம் வீட்டில் இத்தனை நாள் அதைப் பட்டினி போட்டோம் என்றுதானே அர்த்தம் என்று என்னைக் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் துரைக்குக் கேப்பை அடை, அதன் மேல் வெல்லம்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சண்டை என்று சொல்ல முடியாது. இரண்டு அம்மாக்களும் ஒருவரையொருவர் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. சம்பந்தி நல்லாருக்கீங்களா என்று விசாரித்துக்கொண்டார்கள், வெற்றிலை கொடுத்துக்கொண்டார்கள், அப்புறம் முயலை எடை போடச் சொன்னார்கள். தலை தீபாவளிக்கு ஜெயத்தையும் துரையையும் கூட்டிக்கொண்டு நான் திண்டிவனம் போனபோது, அம்மா என் பெட்டிக்குள் புது வேட்டியை வைத்து, அதன் மேல் கைத்தராசையும் எடைக்கற்களையும் வைத்தாள். தலை தீபாவளிக்குத் தராசோடு ரயிலிறங்கிய மாப்பிள்ளை அந்த ஊரில் நான் ஒருத்தன்தான். துரை இரண்டு வீசை எட்டுப் பலம் இருந்தது. குப்பம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு, பெண் இன்னும் பத்து நாள் இருந்துவிட்டு வரட்டும் என்றாள். பத்து நாளில் இன்னும் பதினேழு பலம். பொங்கலுக்குள் என் அம்மா அதை இரண்டே முக்கால் வீசையாக்கிவிட்டாள்.

எனக்கும் வெட்கமில்லை. மண்டியிலிருந்து வரும்போது சட்டைப்பையில் இரண்டு கை மல்லாட்டை போட்டுக்கொண்டு வருவேன். துரை என் காலடியில் வந்து மூக்கை ஆட்டும். யார் கூப்பிட்டாலும் திரும்பாத முயல் என்னிடம் வருகிறதே என்று எனக்குப் பெருமை. ஜெயம் பார்க்காதபோது உரித்து உரித்துக் கொடுத்தேன்.

பொங்கல் சீர் கொண்டுவந்த விருத்தாசலம் மாமா கொல்லைக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். துரை மூலையில் பரப்பிவிட்ட மாவு மாதிரி உட்கார்ந்திருந்தது. கழுத்துக்குக் கீழே மடிப்பு மடிப்பாகச் சதை. முதுகை நக்கிச் சுத்தம் செய்துகொள்ள முடியாமல் பின்பக்கமெல்லாம் அழுக்கு. நாலடி நகர்ந்தால் மூச்சு இரைத்தது. இரண்டு நாளாகப் புல்லைத் தொடவில்லை என்று ஜெயம் சொன்னாள். மாமா மறுநாளே ஊருக்குப் போய் டாக்டரம்மாவிடம் கேட்டு, அடுத்த வண்டியிலேயே திரும்பி வந்தார்.

மல்லாட்டை, வெல்லம், அடை எல்லாம் அதற்கு விஷம் என்றாராம் டாக்டரம்மா. புல்லும் காய்ந்த கொடியும் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம், பச்சை இலை கொஞ்சம் போடலாம், கொல்லையில் ஓட விட வேண்டும். கொழுப்பு நெஞ்சை அடைத்துக்கொண்டிருக்கிறது. இப்படியே விட்டால் சித்திரை பார்க்காது.

இரண்டு வீட்டிலும் உடனே ஒப்புக்கொண்டார்கள். வாயால் ஒப்புக்கொண்டார்கள். ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த நான், மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் அம்மா குந்தியிருப்பதைப் பார்த்தேன். முந்தானைக்குள் பொரிவிளங்காய் உருண்டை. துரையின் வாய் அசைந்துகொண்டிருந்தது. அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"ஒரே ஒரு உருண்டைதான்டா. அது மூஞ்ச பாத்துக்கினு வெறும் புல்ல எப்படிடா போடறது" என்றாள்.

அம்மாவைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. வந்திருந்தாலும் யோக்கியதை இல்லை. அன்று சாயங்காலம் ஜெயம் என் சட்டையைத் துவைக்க எடுத்தாள். பையைத் திருப்பி உதறினாள். மல்லாட்டைத் தோல் பொலபொலவென்று துவைகல்லின் மேல் கொட்டியது. அவள் கத்தவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் எதிரே வந்து நின்றாள்.

"அத்தை மேல எனக்குக் கோவம் இல்ல. எங்கம்மா மேலயும் இல்ல. அவங்களுக்குப் பாசத்தக் காட்ட சோறு ஒண்ணுதான் தெரியும். உங்களுக்கு எடை தெரியும். தெரிஞ்சிக்கினே பண்ணீங்க" என்றாள். "நீங்க எடுத்தாந்த தராசு. துரை செத்துப்போறதுக்குள்ள நீங்களே முடிச்சி வைங்க."

கல்யாணமாகி எட்டு மாதத்தில் அவள் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. சொன்னதில் ஒரு பலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதுதான் தைத்தது.

மறுநாள் மண்டியில் எனக்கு வேலையே ஓடவில்லை. இரண்டு அம்மாக்களையும் உட்கார வைத்துப் புத்தி சொல்வதா? சொன்னால், சரிப்பா என்று சொல்லிவிட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போவார்கள். கூட்டுக்குப் பூட்டுப் போடுவதா? வாய் இல்லாத ஜீவனைப் பூட்டி வைத்தான் பாவி என்று தெருவே பேசும். யோசித்துக்கொண்டிருந்தபோது முகையூர் பச்சைமுத்து மூட்டை இறக்கினார். பச்சைமுத்துக்குச் சாப்பாட்டில் சோம்பல் கிடையாது. கூட்டாளிகள் வடைப் பொட்டலத்தைப் பிரித்து, எடுத்துக்கோப்பா என்று அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். அவர் வலது கையைத் தூக்கிக் காட்டினார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. நீட்டிய கை அப்படியே மடங்கிவிட்டது. மன்னிச்சிக்கோப்பா, விரதம்னு தெரியாது என்று பொட்டலத்தையே மறைத்துக்கொண்டார்கள்.

எடைக்கல்லைப் போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடினேன்.

துரைக்கும் ஒரு மஞ்சள் கயிறு கட்டிவிடலாம் என்று ஜெயத்திடம் சொன்னபோது அவள் பல நாளுக்குப் பிறகு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, இதை ஏமாற்று வேலையாகச் செய்ய வேண்டாம் என்றாள். நிஜமாகவே வேண்டிக்கொள்ளலாம், மயிலத்து முருகனுக்கு, துரைக்கு அந்தத் தேவை இருக்கிறது என்றாள். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது.

தைக் கிருத்திகை அன்று காலையில் ஜெயம் தலை முழுகி, துரையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டினாள். அம்மா அடுப்படியிலிருந்து கையில் ஒரு வெல்லக்கட்டியோடு வந்தாள்.

"மயிலத்து முருகனுக்கு விரதம், அத்தை. பங்குனி உத்திரம் வரைக்கும் புல்லு, பச்ச எல, தண்ணி. வேற எதுவும் வாயில படக் கூடாது" என்றாள் ஜெயம்.

அம்மா அப்படியே நின்றாள். கையிலிருந்த வெல்லத்தைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள். வெல்லத்தைப் பானையில் போட்டுவிட்டு வந்து கையைக் கழுவினாள். பிறகு துரையின் முன்னால் உட்கார்ந்து, அதற்கே இரண்டு கையையும் கூப்பினாள்.

"முருகா, இது பழையபடி தாவிக் குதிச்சி ஓடினா, எடைக்கு எடை வெல்லம் போடறேன்" என்றாள்.

மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் அவள் கண் கலங்கியது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. போட்டி போட்டி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு அடியில் இத்தனை பிரியம் இருந்திருக்கிறது.

விரதச் செய்தி நாலு நாளில் திண்டிவனம் போய்ச் சேர்ந்தது. குப்பம்மாளும் எடைக்கு எடை வெல்லம் வேண்டிக்கொண்டாள் என்று பதில் வந்தது. அதோடு நின்றதா? வாயில்லாத ஜீவன் விரதம் இருக்கும்போது நாம் வயிறு நிறையத் தின்பதா என்று என் அம்மா ராத்திரிச் சோற்றை விட்டாள். அதைக் கேட்டு மாமியார் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இறங்கினாள். அதைக் கேட்டு அம்மா உப்பை விட்டாள். நடுவில் விருத்தாசலம் மாமா வாரம் ஒரு தரம் கல்யாண முருங்கைத் தழைக் கட்டோடு ரயிலில் வந்து, இரு தரப்பு நிலவரத்தையும் சொல்லிவிட்டுப் போவார். தன் வீட்டில் இப்போதெல்லாம் ரசமே கண்ணில் படுவதில்லை என்று வருத்தப்பட்டார்.

ஊட்டிப் பழகிய கை சும்மா இருக்குமா? துரைக்குப் போகாத அடையும் உருண்டையும் எங்கேயாவது போக வேண்டுமே. என் தட்டுக்கு வந்தன. திண்டிவனத்திலிருந்து தழைக்கட்டோடு அதிரசமும் முறுக்கும் டப்பா டப்பாவாக வந்தன, மாப்பிள்ளைக்கு என்று. நான் மறுக்கவில்லை. குடும்பத்தில் யாராவது ஒருத்தர் தியாகம் செய்துதான் ஆக வேண்டும்.

துரை முதல் வாரம் எங்களைப் பயமுறுத்திவிட்டது. வெல்லத்தைத் தேடி அடுப்படி வாசலில் வந்து உட்காரும். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஜெயம் மல்லாட்டைக் கொடியை வெயிலில் காயவைத்து உதறி, பொறுமையாக ஒவ்வொரு காம்பாக நீட்டுவாள். எட்டாம் நாள் தானாகவே கடிக்க ஆரம்பித்தது. பிறகு கொடி பற்றவில்லை. கழுத்துக் கயிற்றையும் இரண்டு முறை கடித்துத் தின்றுவிட்டது, ஜெயம் புதுசு கட்டினாள். காலையில் கொல்லையில் விட்டு, அம்மா விளக்குமாற்றோடு காக்கையையும் நாயையும் விரட்டிக்கொண்டு பின்னாலேயே சுற்றுவாள். ஐம்பத்தைந்து வயதில் அவளுக்கு மூட்டுவலி போனது அப்படித்தான். தராசை மட்டும் ஜெயம் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பங்குனி வரைக்கும் யாரும் எடை என்ற வார்த்தையைச் சொல்லக் கூடாது என்பது சட்டம்.

மாசி முடிவதற்குள் துரை நடந்தது, பிறகு ஓடியது. முதுகைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொண்டது. ஆனால் அந்தத் தாவல் வரவில்லை. ஜெயம் தினமும் கட்டிலின் மேல் தூக்கி விடுவாள். துரை விளிம்புவரை வந்து கீழே எட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிடும். நெஞ்சு இன்னும் சரியாகவில்லையோ என்று அவள் என்னிடம் கேட்பாள். எனக்குத் தெரியாது என்று சொல்லத்தான் முடிந்தது.

பங்குனி உத்திரத்தன்று நாங்கள் விழுப்புரத்திலிருந்து ஒரு வண்டியிலும், அவர்கள் திண்டிவனத்திலிருந்து இன்னொரு வண்டியிலுமாக மயிலம் போய்ச் சேர்ந்தோம். மலையடிவாரமெல்லாம் காவடி. கோயிலுக்குள் முயலை விட மாட்டார்கள் என்பதால், அடிவாரத்திலேயே ஒரு புளியமரக் கிளையில் தராசைத் தொங்கவிட்டேன். இரண்டு சம்பந்திகளும் இளைத்துக் கறுத்துப் போய், ஆளுக்கு மூன்று வீசை வெல்லத்தோடு நின்றார்கள். துரை பொங்கலுக்கு இருந்த எடையில்தான் இருக்கும் என்று இருவரும் கணக்குப் போட்டிருந்தார்கள். யார் வெல்லம் முதலில் தட்டில் ஏறுவது என்று பேச்சு வந்தது. இரண்டு வேண்டுதலும் ஒன்றுதானே, ஆளுக்கு ஒரு கட்டியாக மாற்றி மாற்றிப் போடுங்கள் என்றேன்.

ஜெயம் துரையைத் தட்டில் உட்கார வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தாள். அம்மா ஒரு கட்டி, மாமியார் ஒரு கட்டி. நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சீக்கிரமே முள் நிமிர்ந்துவிட்டது. என்ன இது, இவ்வளவுதானா என்று இரண்டு பேரும் கையில் வெல்லத்தோடு விழித்தார்கள். ஏறிய எடைக்கே அந்தப் பாடு. இறங்கிய எடையைச் சொன்னால் எந்த வீட்டுக்குக் கேவலமோ? ஒரு நிமிஷம், கூட்டிச் சொல்லலாமா என்று நாக்கு புரண்டது. என் வாழ்நாளில் அந்த ஒரு நிமிஷம்தான். முள்ளைப் பார்த்தேன். எடைக்கற்களை வைத்து வெல்லத்தைச் சரிபார்த்தேன்.

"ஒன்றரை வீசை. ஆடியில ஒப்படைச்ச அதே எடை" என்றேன்.

என் அம்மா மெதுவாக நிமிர்ந்தாள். எல்லாம் தன் கொல்லைப் புல்லின் மகிமை என்றாள். குப்பம்மாள் விடுவாளா? வாரா வாரம் ரயிலேறி வந்த கல்யாண முருங்கை எந்த ஊர்த் தழை என்று கேட்டாள். இறங்கிய ஒன்றே கால் வீசையும் தன் கணக்கில்தான் என்று, கொழுக்க வைத்த அதே மும்முரத்தோடு இளைக்க வைத்த பெருமைக்கு மல்லுக்கு நின்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. தராசு கொஞ்சம் ஆடிவிட்டது.

அந்த ஆட்டம் துரைக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. தட்டின் விளிம்பில் முன்னங்காலை வைத்தது. ஜெயம் பிடிக்கப் போனாள். அதற்குள் துரை எழும்பிவிட்டது. நடுவானில் உடம்பை ஒரு முறுக்கு முறுக்கி, இரண்டு முழம் தள்ளிப் புல்லில் இறங்கி, புளியமரத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, மறுபடியும் ஒரு முறை சும்மாவே எழும்பிக் குதித்தது. மறு தட்டு வெல்லத்தோடு தரையில் வந்து மோதியது.

ஜெயம் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். கை தட்டினாள். கண்ணீர் வழிய வழியக் கை தட்டினாள். சண்டை போட்டுக்கொண்டிருந்த இருவரும் எப்போது ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள் என்று நான் கவனிக்கவில்லை. பார்த்தபோது பிடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் அழுதேன், அதை மறைக்க இந்த முறை எந்த வேடிக்கையும் செய்யவில்லை.

ஒன்றரை வீசை வெல்லம் மலையேறிப் போயிற்று. மீதி நாலரை வீசை கீழே இருந்தது. நல்ல வெயில், நடந்து வருகிறவர்களெல்லாம் நாக்கு வறண்டு வந்துகொண்டிருந்தார்கள். விருத்தாசலம் மாமா எங்கிருந்தோ இரண்டு பெரிய பானை வாங்கி வந்தார். சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, இரண்டு சம்பந்திகளும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பானகம் கரைத்தார்கள். இனிப்புப் போதுமா என்று இவள் அவளுக்கு ஊற்றிக் கொடுத்தாள், அவள் இவளுக்கு ஊற்றிக் கொடுத்தாள். விரதம் முடிந்தது அப்படித்தான். காவடி எடுத்தவர்கள், காவலுக்கு நின்ற போலீஸ்காரர், பலூன் விற்கிறவர் எல்லாரும் குடித்தார்கள். துரை ஜெயத்தின் மடியில் உட்கார்ந்து அருகம்புல்லை மென்றுகொண்டிருந்தது.

எனக்கு மூன்று டம்ளர் ஆயிற்று. நாலாவதாக அம்மா ஒன்றும், மாமியார் ஒன்றும் ஒரே சமயத்தில் நீட்டினார்கள். குடிங்க மாப்ள, எளைச்சிட்டீங்க என்றாள் மாமியார். வாங்கக் கையை நீட்டினேன். சட்டையில் வயிற்றுக்கு நேரே இருந்த பொத்தான் தெறித்துப் போய்த் தராசுத் தட்டில் டங்கென்று விழுந்தது.

ஜெயம் அந்தப் பொத்தானைப் பார்த்தாள். பிறகு என்னைத் தலையிலிருந்து கால்வரை, நான் மூட்டையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். எழுந்து வந்து, இடுப்பில் முடிந்து வைத்திருந்த மஞ்சள் கயிற்றில் மிச்சத்தை எடுத்தாள்.

"கைய நீட்டுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"சித்திர முடியிற வரைக்கும். கேப்பைக் கூழு, கீரை, தண்ணி. சாயங்காலம் துரை கூட கொல்லையில நாலு சுத்து."

மணிக்கட்டைச் சுற்றிக் கட்டக் கயிறு ஒரு விரற்கடை பற்றவில்லை. இழுத்துப் பிடித்து எப்படியோ முடிச்சுப் போட்டாள். நான் உதவி கேட்டு அம்மாவைப் பார்த்தேன், மாமியாரைப் பார்த்தேன். இருவரும் அந்தக் கயிற்றைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, நீட்டிய டம்ளர்களை ஒன்றாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள்.